பசித்தால் பறக்கும் முத்துசாமி

திண்டிவனத்தில் தேவசகாயத்தின் முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. குரல் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. ஆட்டோ கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைத் தள்ளுபடியிலிருந்து காணாமல் போன பசுமாடு வரைக்கும் முப்பது வருஷமாக ஊருக்குச் சொல்லி வந்தவர் அவர்தான். வீட்டுக்குள் இருப்பவர்கள் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. குரல் தெருவைக் கடந்து போகும், விஷயம் வந்து சேர்ந்துவிடும்.

அந்தக் குரல் மூன்று வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமையோடு சரி என்று புதுச்சேரியில் டாக்டர் சொல்லிவிட்டார். தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் இருப்பார். இல்லாவிட்டால் ஆறு மாதம்.

மகள் கலையரசிக்கு இருபத்தேழு வயது. விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். விஷயம் கேள்விப்பட்ட அன்று அழுதாள். மறுநாள் பஸ்ஸில் போகும்போது, அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அப்பாவின் குரலை எங்கே போய்க் கேட்பது என்று யோசித்தாள். வீட்டில் கல்யாண ஆல்பம் இருந்தது, ரேஷன் கார்டில் படம் இருந்தது. குரல் எங்குமே இல்லை. அதற்குள் எப்படியாவது பிடித்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். எந்தக் குரலை என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. தள்ளுபடி சொல்லும் குரல் இல்லை. முத்துசாமியின் குரல்.

அந்த வாரம் சனிக்கிழமை காலை ரயிலில் திண்டிவனம் வந்து இறங்கியவள், வீட்டுக்குப் போகாமல் நேராகக் கேபிள் டிவி சேட்டுவைப் பார்க்கப் போனாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை, சுவரெல்லாம் வயர். சேட்டுவுக்கு இப்போது தலை முழுக்க நரை.

"வா பாப்பா. நைனா எப்டி கீறாரு?"

"இருக்காரு மாமா. அந்த ஜப்பான் பொம்மைப் படம் போட்டீங்களே, அப்பா மைக்குல பேசினாரே. அது எதுலயாவது ரெக்கார்டு ஆயிருக்குமா?"

சேட்டு கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "எதுலம்மா ரெக்கார்டு பண்றது? இருந்தது ஒரே வீடியோ டெக்கு. அது ஓடிக்கினு இருக்கும், நைனா பக்கத்துல குந்திக்கினு பேசுவாரு. பேசினது காத்தோட போச்சு."

"அந்தக் கேசட்டுங்க?"

"தானே புயல்ல மேல ஷீட்டு பிச்சிக்கினு போச்சுல்ல. எல்லாம் ஊறி, பூஞ்சை புடிச்சு, வாரிக் கொட்டினேன்."

"ஆட்டோவுல ஓட்டின விளம்பரக் கேசட்டு?"

சேட்டு சிரித்தார். "உங்க நைனாவ பத்தி உனக்கே தெரியல. மத்தவனுங்க கேசட்டைப் போட்டு வுட்டுட்டு பீடி புடிப்பானுங்க. இவரு தெருவுக்குத் தெரு புச்சா பேசுவாரு. ஆளு பாத்துப் பேசணும்னுவாரு. செருப்புக் கடை விளம்பரத்த தாசில்தார் ஆபீஸ்கிட்ட ஒரு மாதிரி, மீன் மார்க்கெட்டுகிட்ட ஒரு மாதிரி." பிறகு சிரிப்பை நிறுத்தி, தரையைப் பார்த்தார். "இப்டி ஆவும்னு யார் கண்டா?"

அது தொண்ணூற்றாறாம் வருஷம். இரும்பை கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்த ஜப்பான்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி வீடியோ கேசட்டுகளை விட்டுவிட்டுப் போனார். கைமாறிக் கைமாறி அது சேட்டுவிடம் வந்தது. ஏழு கேசட்டுகள். எல்லாவற்றிலும் ஒரே பொம்மைப் படம், தொடராக. அந்தக் கேசட்டுகளுக்கும் சேட்டுவின் டெக்குக்கும் ஏதோ ஒத்துப்போகவில்லை. கலர் வரவில்லை, கறுப்பு வெள்ளையில்தான் ஓடியது. ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. "நீ பேசுய்யா" என்று சேட்டு மைக்கைத் தேவசகாயத்திடம் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினோரு மணிக்கு ஊரே டிவி முன்னால் உட்கார்ந்தது. சாப்பாட்டுக் கடையில் எடுபிடி வேலை செய்யும் ஒருவன் மேல் வானத்திலிருந்து விழுந்த உடுப்பு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. அதைப் போட்டால் பறக்கலாம், மலையைத் தூக்கலாம். ஆனால் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஒரு கவளம் உள்ளே போனாலும் தொப்பென்று விழுந்துவிடுவான். கூடவே சோறு வடிக்கும் குக்கருக்குக் கை கால் முளைத்த மாதிரி ஒரு ரோபோ. அதன் வேலையே சோறு ஆக்குவது. உலகத்தைக் காப்பாற்ற அவன் கிளம்பும் நேரம் பார்த்து அது மூடியைத் திறந்து ஆவியைக் காட்டும்.

தேவசகாயம் அவனுக்கு முத்துசாமி என்றும், ரோபோவுக்குத் தகரம் என்றும் பேர் வைத்தார். "பசிச்சாத்தான் பறக்க முடியும்னா, நம்ம காலனியே ஆகாசத்துல இல்ல இருக்கணும்!" என்று முதல் வாரம் முத்துசாமி சொன்னபோது, களையெடுக்கப் போகாமல் உட்கார்ந்திருந்த பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பத்து வயதுக் கலையரசி பார்த்தாள். பேசுவது தன் அப்பா என்று தெரிந்தும், முத்துசாமி வேறு எங்கோ இருக்கிறான் என்றுதான் நம்பினாள்.

ஐந்தாவது வாரம் தகரம் செத்துப்போனது. மூடி உடைந்து, விளக்கு அணைந்து, முத்துசாமியின் மடியில் கிடந்தது. சாவதற்கு முன்னால் நீளமாகப் பேசியது: "அழுவாதடா முத்துசாமி. நாட்டைப் பாத்துக்கோ. ஏழை எளியவங்களக் கைவுட்டுடாத..." வாய் அசைவது நின்ற பிறகும் பேச்சு நிற்கவில்லை. ஊரே அழுதது. ஆறாவது வாரம் பார்த்தால் தகரம் சுகமாக நடந்து வருகிறது! தேவசகாயம் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "மூணாம் நாளே எந்திரிச்சிட்டேண்டா!" என்றார். கிறிஸ்தவத் தெருவில் கை தட்டினார்கள். ஏழாவது வாரம் கடைசி கேசட்டு. அதில் முத்துசாமியும் தகரமும் முதல் தடவை பார்ப்பதுபோல் ஒருவரையொருவர் முறைத்தார்கள். "ரெண்டு பேருக்கும் ஞாபகம் போயிடுச்சு. பரவால்ல, இன்னொரு தடவ பழகிக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

வளர்ந்த பிறகுதான் கலையரசிக்குப் புரிந்தது. கேசட்டின் மேல் ஒட்டியிருந்தது எல்லாம் ஜப்பான் எழுத்து. கைக்கு எது வந்ததோ அதைப் போட்டிருக்கிறார்கள். திண்டிவனம் பார்த்த கதை முன்னுக்குப் பின் மாறிப்போனது.

அப்பா மறுபடி பேச அந்தப் படம் வேண்டும். ஆனால் அதன் பேர்கூட அவளுக்குத் தெரியாது. அதைத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பசித்தால் மட்டும் பறக்கும் நாயகன் என்று பழைய ஜப்பானியப் பொம்மைப் படங்களைப் பற்றிப் பேசும் இணையக் குழு ஒன்றில் எழுதிப் போட்டாள். ஒன்பது நாள் கழித்து பிரேசிலிலிருந்து யாரோ ஒருவர் பதில் சொன்னார். அந்த நாயகனின் பெயர் தோகிச்சி. ரோபோ, மாமே. மொத்தம் பதினான்கு பகுதி. யாரோ ஒரு ரசிகர் உட்கார்ந்து அத்தனைக்கும் ஆங்கிலத்தில் வசனம் எழுதிச் சேர்த்திருந்தார். சென்டரின் இணைப்பில் இறக்க நான்கு நாள் ஆனது.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி. சென்டரில் கேட்டு வாங்கி வந்த லேப்டாப்பை முக்காலியில் வைத்தாள். செல்போனில் ரெக்கார்டைத் தட்டி அதன் பக்கத்தில் வைத்தாள். தேவசகாயம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். குரல் ஏற்கெனவே சாக்கைத் தரையில் இழுக்கிற மாதிரி கரகரத்தது. அம்மா காந்திமதி கேப்பைக் கூழை மோர்போலத் தண்ணீராகக் கரைத்துக்கொண்டு வந்து வைத்தாள். இப்போதெல்லாம் அதற்கு மேல் கெட்டியாக எதுவும் இறங்குவதில்லை.

"பேசாதன்னு டாக்டர் சொல்றாரு. பேசுன்னு பொண்ணு சொல்லுது. நல்லா கீது உங்க கதை" என்றாள்.

"இந்த ஒரு நாளும்மா."

"ஒரு நாளு. எல்லாரும் ஒரு நாளுன்னுதான் சொல்றீங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவளும் அங்கேயே உட்கார்ந்தாள்.

படம் ஓடத் தொடங்கியது. முதல் வேலையாக எல்லோரும் அதிர்ந்தது நிறத்தைப் பார்த்து. முத்துசாமியின் உடுப்பு இளஞ்சிவப்பு.

"இன்னாது, ரோஸ் கலரா?" என்றார் தேவசகாயம்.

"பாப்பா சின்னதுல போட்டிருந்த பாவாடையாட்டம் கீது" என்றாள் காந்திமதி. "இதப் போட்டுக்கினுதான் அவ்ளோ வீரம் பேசினானா உங்க ஆளு?"

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது. திரையில் முத்துசாமியும் ரோபோவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இது கடைசில்ல பாப்பா?"

"இதாம்பா மொதல்ல. நீங்கதான் மாத்திப் போட்டீங்க."

"மாத்தியா?" அவர் முகம் சுருங்கியது. "எல்லாத்தையுமா?"

"அத்த வுடுப்பா. நீ பேசு. அன்னிக்குப் பேசின மாதிரியே."

தேவசகாயம் தொண்டையைச் செருமினார். முதுகை நிமிர்த்தி, மைக் பிடிக்கிற மாதிரி வலது கையை வாய்க்கு முன்னால் கொண்டு போனார். ஆனால் அவர் கண் திரையின் அடிப்பக்கத்துக்குப் போய்விட்டது.

"கீழ இன்னா எழுத்து ஓடுது?"

"அவங்க பேசறதுதாம்பா. இங்கிலீஷ்ல போட்டிருக்கான்."

"அப்டீன்னா..." கை மெல்ல இறங்கியது. "இவன் இப்ப இன்னா சொல்றான்?"

"நீ யாரு, எங்க கடையில உனக்கு இன்னா வேலைன்னு கேக்கறான்."

"அது?"

"நான் சமைக்கறதுக்குத்தான் பொறந்தேன், உன் மொகத்தப் பாத்தா நீ சாப்புட்டு ரெண்டு நாளு ஆன மாதிரி கீது, அப்டீங்குது."

"அப்டியா சொல்லுது!" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சொல்லு, சொல்லு. வுடாம சொல்லு."

ஏழு ஞாயிற்றுக்கிழமை அந்த வாய்களுக்குள் தன் பேச்சைத் திணித்தவர் அவர். அவர்கள் உண்மையில் என்ன பேசினார்கள் என்பது பதினேழு வருஷமாக அவருக்குத் தெரியாது. அந்த ஆசை இப்போதுதான் அவருக்கு வந்ததா, இல்லை இத்தனை நாளும் உள்ளேயே கிடந்ததா என்று கலையரசிக்குத் தெரியவில்லை. அவள் எழுத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ஒரு பகுதி முடிந்தது.

"இப்ப நீ பேசுப்பா."

"இரு பாப்பா. இந்த இன்னொண்ணு போவட்டும்."

அது முடிந்ததும் இன்னொன்று. காந்திமதி நடுவில் எழுந்து போய் உலை வைத்துவிட்டு வந்தாள். நாலாவது பகுதியில் உயரமான பெண் ஒருத்தி வந்தாள். திண்டிவனத்தில் அவள் சூனியக்காரி. முத்துசாமியைச் சோறு போட்டுக் கொல்லப் பார்ப்பவள். உண்மையில் அவள் கடைக்காரரின் மகள். அவன் மேல் ஆசை. சொல்லத் தெரியாமல், அவன் போகும் வழியிலெல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அடக் கடவுளே" என்றார் தேவசகாயம். "நான் இவள சூனியக்காரின்னுல்ல சொன்னேன்."

"ஊரே திட்டிச்சு அவள" என்றாள் காந்திமதி. "எதுத்த வூட்டு சின்னபொண்ணு டிவி மேல மண்ண வாரித் தூத்தினா. உன்னாலதான்யா. நல்ல பொண்ணு பேர கெடுத்துட்ட."

"பாவம்டி" என்று சொன்னவர், அந்தப் பெண் திரையை விட்டுப் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.

ஒன்பதாவது பகுதியில் கலையரசிக்குத் தொண்டை காய்ந்தது. கோபம் வந்தது. "நீ பேசறதுக்குத்தாம்பா இத்த எடுத்துக்கினு வந்தேன். நான் பேசிக் காட்டறதுக்கு இல்ல."

"தெரியும் பாப்பா."

"நாளைக்கு அட்மிட் ஆவணும். இன்னிக்கு வுட்டா..."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் லேப்டாப்பைக் காட்டினார். "அவன் அங்க கதவத் தட்டிக்கினே கீறான் பாரு. உள்ள இருந்து இன்னா சொல்றாங்க?"

அவள் படித்துச் சொன்னாள்.

கடைசிப் பகுதி வந்தபோது வெயில் சன்னலை விட்டுச் சாய்ந்திருந்தது. ஒரு பெரிய கல் வானத்திலிருந்து ஊரை நோக்கி வருகிறது. முத்துசாமி ஆறு நாள் பட்டினி கிடந்து, எலும்பாகி, போய் அதைத் தள்ளிவிட்டுத் திரும்புகிறான். தரையில் ரோபோ மூடி உடைந்து கிடக்கிறது. அவன் அதை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்கிறான். விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அதன் வாய் அசைந்தது.

"இன்னா சொல்லுது?"

கலையரசி எழுத்தைப் பார்த்தாள். ஒரே வரி. சட்டென்று அவளுக்கு மனம் வரவில்லை. பத்து வயதில் கேட்டு மனப்பாடமானதையே சொன்னாள்: "அழுவாதடா முத்துசாமி. நாட்டைப் பாத்துக்கோ. ஏழை எளியவங்களக் கைவுட்டுடாத..."

தேவசகாயம் கையைத் தூக்கி நிறுத்தினார். "அது நான் சொன்னது. அது இன்னா சொல்லுது?"

அவள் படத்தைப் பின்னால் நகர்த்தி மறுபடி ஓட்டினாள்.

"சோறு ஆயிடுச்சு. ஆறிடும். சாப்புடு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்பா."

விளக்கு அணைந்தது. முத்துசாமி உடைந்த மூடியை விலக்கி, உள்ளே கை விட்டு, ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான். ஆறு நாள் பட்டினி. இன்னொரு கவளம். ஒவ்வொரு கவளத்துக்கும் அந்த உடுப்பின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. கறுப்பு வெள்ளையில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவன் அழுதுகொண்டே தின்றான். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. மெல்லும் சத்தம் மட்டும். அடியில் எழுத்து வரும் இடம் காலியாக இருந்தது. கலையரசி சொல்வதற்கு எதுவும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

"இந்த எடத்துல நான் பேசிக்கினே இருந்தேனே" என்றார் தேவசகாயம்.

அன்று பேச்சு நின்றால் லைன் போய்விட்டது என்று ஊரிலிருந்து சேட்டுவுக்கு ஆள் வந்துவிடும். அதனால் நிறுத்தவே கூடாது. அதை அவர் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அதைச் சொல்லவில்லை. முத்துசாமி கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றான். உடுப்பு வெறும் வெள்ளைத் துணியானது. எழுந்து, ரோபோவைத் தோளில் தூக்கிக்கொண்டு, நடந்து வீட்டுக்குப் போனான். படம் முடிந்தது.

"அடுத்த வாரம் எந்திரிக்கலயா?" என்று காந்திமதி கேட்டாள்.

"அடுத்த வாரம் இல்லம்மா. இதான் முடிவு."

கலையரசி போனை அப்பாவுக்கு அருகில் நகர்த்தினாள். "இந்தக் கடைசி சீன் மட்டுமாவதுப்பா. ரெண்டு நிமிஷம். நீ சொன்ன மாதிரி. மூணாம் நாளு எந்திரிக்கற மாதிரி."

அவர் போனைப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். வாய் திறந்தபோது குரலில் பாதி காற்றாகவே வந்தது. அதைக் கேட்க அவள் முகத்தைக் கிட்டக் கொண்டு போக வேண்டியிருந்தது.

"வேணாம் பாப்பா. அவங்க சரியாத்தான் பேசியிருக்காங்க. இனிமே நான் அதுல வாய வெக்கக் கூடாது."

அதோடு சரி. சாயங்காலத்துக்குள் தொண்டை முழுக்கக் கட்டிக்கொண்டது. திங்கட்கிழமை கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போன பஸ்ஸில் அவர் சைகையில்தான் பேசினார். சன்னல் சீட்டைக் காந்திமதிக்கு விடச் சொன்னார், ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். மகளிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். காந்திமதி ஜெபமாலையோடு நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கலையரசி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பில் ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் திறந்தாள். ஏறக்குறைய ஆறு மணி நேரம். முழுக்க அவள் குரல்தான். படித்துப் படித்து அலுத்துப்போன, பாடம் எடுக்கிற மாதிரியான குரல். நடுநடுவே அவர்: இன்னா சொல்றான்? அப்புறம்? ஏன் சிரிக்கறா அவ? யாரு அந்தக் கெழவன்?

தன் குரலை வெட்டிவிட்டு அவர் குரலை மட்டும் சேர்த்துவிடலாம் என்று தொடங்கினாள். சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலைதான். ஆனால் அவர் எப்போதும் அவசரப்பட்டிருந்தார். அவள் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைக் கேட்டிருந்தார். எந்த இடத்தை வெட்டினாலும் அவர் கேள்விக்கு அடியில் அவளுடைய பாதி வாக்கியம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் அடியில் ஜப்பான்காரர்களின் குரல். அவரைத் தனியாகப் பிரிக்கவே முடியவில்லை. அம்மா பேசிய இடங்களிலும் அப்படித்தான். இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தியிருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசிப் பகுதிக்கு வந்தாள். மெல்லும் சத்தம் ஹெட்போனில் கேட்டது. தெருவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி. பிறகு, வேறு யாருடைய குரலும் மேலே விழாமல், கரகரவென்று, கொஞ்சம் வெட்கத்தோடு ஒருவர் சொன்னார்:

"இந்த எடத்துல நான் பேசிக்கினே இருந்தேனே."

அதற்குப் பிறகு வேணாம் என்று அவர் சொன்னது வெறும் காற்றாகத்தான் பதிந்திருந்தது. ஆறு மணி நேரத்தில் தனியாக வந்தது அது ஒன்றுதான். கலையரசி அதன் இரண்டு பக்கமும் வெட்டினாள். நாலு நொடிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அந்தக் கோப்புக்கு என்ன பேர் வைப்பது என்று தெரியாமல் வெறும் தேதியைப் போட்டுச் சேமித்தாள்.

கதவு திறந்தது. "தேவசகாயத்தோட வந்தவங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டாள்.

ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கலையரசி எழுந்தாள்.

"நாங்கதான்" என்றாள்.